கட்டணத் தேதிக்கு முன் உதவி வருமா?

வசதியில்லாத வீட்டுப் பிள்ளைக்குக் கல்லூரியில் இடம் கிடைத்துவிட்டால் அந்தச் செலவை யார் ஏற்பது? இந்தியாவில் இந்தக் கேள்விக்கு அரசு அளவிலான விடை தேடும் முயற்சி குறைந்தது எண்பது ஆண்டுப் பழமை கொண்டது. வைஸ்ராயின் நிர்வாக சபையில் உறுப்பினராக இருந்த அம்பேத்கர், 1942இல் அளித்த மனுவில் பட்டியல் சாதி மாணவர்களின் உயர்கல்விக்கு அரசு நிதி ஒதுக்க வேண்டும் என்று கேட்டார். 1944இல் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைத் திட்டம் தொடங்கியது. பல மாற்றங்களோடு அது இன்றும் நடைமுறையில் இருக்கிறது.

அதன் பிறகு வந்த விடைகள் பல. கட்டணமே கூடாது என்றார்கள். தேவைப்படுவோருக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்றார்கள். பணக்காரர் வீட்டுப் பிள்ளையின் கட்டணத்தில் ஏழை வீட்டுப் பிள்ளை படிக்கட்டும் என்றது நீதிமன்றம். கடன் கொடுக்கலாம் என்றன வங்கிகள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் நியாயமான காரணம் உண்டு, ஒவ்வொன்றிலும் ஓட்டையும் உண்டு. இந்தக் கட்டுரை அவற்றை வரிசைப்படுத்திப் பார்க்கிறது. கூடவே, ‘யார் கொடுப்பது’ என்ற விவாதத்தில் பின்னுக்குப் போய்விட்ட இன்னொன்றையும் கவனிக்கிறது: அந்தப் பணம் எப்போது, எந்த வழியாக மாணவரை வந்தடைகிறது என்பது.

கட்டணமே வேண்டாம்

முதல் நிலைப்பாடு எளிமையானது. படித்த தலைமுறை சமூகம் முழுவதற்கும் பயன்படுகிறது. ஆகவே சமூகமே வரி வழியாகச் செலவை ஏற்க வேண்டும். தமிழ்நாட்டின் அரசு கலை அறிவியல் கல்லூரிகளில் இளநிலை மாணவர்களிடம் கற்பிப்புக் கட்டணம் வாங்காததற்கு அடிப்படை இந்த எண்ணந்தான். ஜெர்மனியில் சில மாநிலங்கள் 2006-07 வாக்கில் ஒரு பருவத்துக்கு 500 யூரோ வரை கட்டணம் விதித்துப் பார்த்தன. எதிர்ப்பு வலுக்கவே ஒவ்வொன்றாகக் கைவிட்டன. 2014க்குள் எல்லா மாநிலங்களும் பழைய நிலைக்குத் திரும்பிவிட்டன.

இதன் பெரிய பலம் பலரும் பேசாத ஒன்று. இலவசம் என்றால் விண்ணப்பம் வேண்டாம். யாரும் தன் வறுமையை மேசைக்கு மேசை நிரூபித்துக்கொண்டு நிற்க வேண்டியதில்லை.

எதிர்வாதம் பொருளியலாளர்களிடமிருந்து வந்தது. 1997இல் நிதி அமைச்சகம் வெளியிட்ட மானியங்கள் குறித்த ஆய்வறிக்கை, உயர்கல்வியை முன்னுரிமை தர வேண்டாத மானிய வகையில் வைத்தது. கல்லூரி வரை வருபவர்கள் ஏற்கனவே ஓரளவு வசதியுள்ளவர்கள், அவர்கள் செலவை வராதவர்களின் வரிப்பணம் ஏன் ஏற்க வேண்டும் என்பது வாதத்தின் சாரம். இதை எளிதில் ஒதுக்கிவிட முடியாது. 2021-22க்கான அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி மொத்தச் சேர்க்கை விகிதம் தமிழ்நாட்டில் 47 சதவீதம், நாடு முழுவதும் 28.4 சதவீதம். தமிழ்நாட்டிலேயே கல்லூரி வயதினரில் பாதிக்கு மேற்பட்டோர் கல்லூரிக்கு வெளியே இருக்கிறார்கள். ஆனால் உள்ளே வந்தவர்கள் எல்லோரும் வசதியானவர்கள் என்பது, முதல் தலைமுறையாகப் படிக்க வருவோர் பெருகிய மாநிலத்துக்கு முழுதாகப் பொருந்துவதில்லை. ஜே.பி.ஜி. திலக் போன்ற கல்விப் பொருளியலாளர்கள் கட்டண உயர்வையும் கடனையும் தொடர்ந்து எதிர்த்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்த நிலைப்பாட்டின் உண்மையான நெருக்கடி வேறிடத்தில் இருக்கிறது. 1980களின் நடுவில் தமிழ்நாட்டில் சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்கு அனுமதி கிடைத்தது. அதன்பின் இடங்கள் பெருகியது பெரும்பாலும் அரசுக் கல்லூரிகளுக்கு வெளியேதான். இலவசம் என்ற விடை அரசுக் கல்லூரியின் வாசலோடு நின்றுவிடுகிறது.

ஒருவர் கட்டணத்தில் இன்னொருவர்

சுயநிதிக் கல்லூரிகளுக்கென்று உச்ச நீதிமன்றம் 1993இல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் ஒரு வழி சொன்னது. இடங்களில் பாதி இலவச இடம், பாதி கட்டண இடம். பின்னதன் வருமானம் முன்னதைத் தாங்கும். 2002இல் டி.எம்.ஏ. பாய் வழக்கில் 11 நீதிபதிகள் அமர்வு அந்த ஏற்பாட்டைத் தள்ளியது. ஒரு மாணவரின் படிப்புச் செலவை இன்னொரு மாணவர்மேல் ஏற்றுவது சரியில்லை என்ற குறையும், இலவச இடங்களை நல்ல பள்ளியில் படித்த நகர்ப்புறப் பிள்ளைகளே அதிகம் பிடித்தார்கள் என்ற குறையும் அப்போது முன்வைக்கப்பட்டன. அடுத்த ஆண்டு வந்த இஸ்லாமிக் அகாடமி தீர்ப்பின் வழியே, ஓய்வுபெற்ற நீதிபதி தலைமையிலான கட்டண நிர்ணயக் குழுக்கள் உருவாயின. கட்டணத்துக்கு உச்சவரம்பு வந்தது. அந்த வரம்புக்குள் வரும் தொகையையும் கட்ட முடியாதவர் என்ன செய்வார் என்பதற்குத் தீர்ப்பில் விடை இல்லை; அது அரசின் பொறுப்பாகத் திரும்பி வந்தது.

தேவைப்படுவோருக்கு மட்டும்

இன்று இந்தியாவில் மேலோங்கி நிற்பது இந்த மூன்றாவது நிலைப்பாடு. சாதி, வருமானம், படித்த பள்ளி, குடும்பத்தின் கல்வி வரலாறு என்று ஏதோ ஓர் அளவுகோலை வைத்து உதவியைக் குறிபார்த்துக் கொடுப்பது.

அளவுகோல்களில் மிகப் பொதுவானது வருமான வரம்பு, மிகச் சிக்கலானதும் அதுவே. பட்டியல் சாதி மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்கு ஆண்டு வருமான வரம்பு 2.5 லட்சம் ரூபாய். 2013இல் வைத்த வரம்பு அது. மாதக் கணக்கில் 20,833 ரூபாய். கணவனும் மனைவியும் வேலைக்குப் போய் ஆளுக்கு 11,000 ரூபாய் சம்பாதித்தால் ஆண்டுக்கு 2.64 லட்சம் ஆகிவிடும். அந்த வீட்டுப் பிள்ளை வரம்புக்கு வெளியே. வருமானம் கொஞ்சம் கூடினால் உதவி கொஞ்சம் குறையும் என்ற ஏற்பாடு இங்கே இல்லை. ஒரு ரூபாய் கூடினாலும் முழு உதவியும் போய்விடும்.

தொகையிலும் இதே தேக்கம்தான். 2021இல் திருத்திய விதிகளின்படி பி.ஏ., பி.எஸ்சி. போன்ற பட்டப்படிப்பில் வீட்டிலிருந்து வந்து போகும் மாணவருக்குக் கட்டணம் நீங்கலாகக் கிடைக்கும் கல்விப்படி ஆண்டுக்கு 3,000 ரூபாய், விடுதியில் தங்கினால் 6,000. முன்னதை மாதத்துக்குப் பிரித்தால் 250 ரூபாய். சிற்றூரிலிருந்து தினமும் கல்லூரிக்கு வந்து, மதியம் வெளியே சாப்பிடும் மாணவருக்கு அது சில நாள் சாப்பாட்டுக்கே சரியாகிவிடும்.

தமிழ்நாடு வேறு அளவுகோல்களையும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறது. 2010-11இல் வந்த முதல் தலைமுறைப் பட்டதாரிச் சலுகைக்கு வருமான வரம்பு கிடையாது. குடும்பத்தில் தாத்தா பாட்டி, பெற்றோர், உடன்பிறந்தோர் யாரும் பட்டதாரி இல்லையென்றால், கவுன்சலிங்கில் இடம் பெற்றுத் தொழிற்கல்வியில் சேரும் மாணவருக்குக் கற்பிப்புக் கட்டணத்தில் சலுகை உண்டு. கல்வியில் பின்தங்கிய வீடு எது என்பதைச் சம்பளச் சீட்டைவிட இந்த அளவுகோல் நன்றாகக் காட்டுகிறது என்பது என் மதிப்பீடு. குறையும் உண்டு. வீட்டில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்; அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை, அப்பாவின் கூலி அதேதான் என்றாலும்.

2020இல் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது. மறு ஆண்டு அது பொறியியல், வேளாண்மை, சட்டம் முதலிய படிப்புகளுக்கும் விரிந்தது. அந்த இடங்களின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் அனைத்தையும் அரசே ஏற்கிறது. 2022 செப்டம்பரில், திருமண உதவித் திட்டமாக இருந்த மூவலூர் ராமாமிர்தம் அம்மையார் திட்டம் புதுமைப்பெண் திட்டமாக மாறியது. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்த பெண்களுக்குக் கல்லூரிக் காலத்தில் மாதம் 1,000 ரூபாய். 2024 ஆகஸ்டில் ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் வந்தது.

கல்யாணத்துக்குக் கொடுத்த பணத்தைக் கல்லூரிக்குத் திருப்பிவிட்டதை அண்மைக் காலத்தின் மிக முக்கியமான நலத்திட்ட மாற்றங்களில் ஒன்றாகவே கருத வேண்டும். ஆயினும் அதன் விளைவைக் கணக்கிடுவதில் நிதானம் தேவை. பெண்களின் சேர்க்கை அதற்கு முன்பிருந்தே உயர்ந்துகொண்டிருந்தது. உயர்வில் எவ்வளவு இந்த 1,000 ரூபாயால் வந்தது என்பதைப் பிரித்துச் சொல்வது எளிதல்ல.

கடன்

கடன் புதிய யோசனை அல்ல. 1963இல் மத்திய அரசு வட்டியில்லாத தேசியக் கடன் உதவித்தொகையைத் தொடங்கியது. திரும்பி வந்த பணம் சொற்பம். வங்கிகள் வழியான இன்றைய கல்விக் கடன், இந்திய வங்கிகள் சங்கம் வகுத்த மாதிரித் திட்டத்தோடு 2001இல் பரவலானது. 4 லட்சம் வரை பிணையோ சொந்தப் பங்கோ கேட்கக் கூடாது, 7.5 லட்சத்துக்கு மேல் போனால் சொத்துப் பிணை கேட்கலாம் என்பது பொதுவான நடைமுறை. 2009இல் வட்டி மானியம் வந்தது: ஆண்டு வருமானம் 4.5 லட்சத்துக்குள் இருந்தால், படிக்கும் காலத்துக்கும் அதற்குப் பின் ஓராண்டுக்கும் உரிய வட்டியை அரசு ஏற்கும். இந்த 4.5 லட்சமும் அப்போது வைத்ததுதான்.

வட்டி மானியம் இருப்பதற்கும் இல்லாததற்கும் எவ்வளவு வேறுபாடு? நான்காண்டுப் பொறியியல் படிப்புக்கு ஒவ்வோர் ஆண்டின் தொடக்கத்திலும் 1 லட்சம் வீதம் 4 லட்சம் வாங்குவதாக வைத்துக்கொள்வோம். 10 சதவீதத் தனிவட்டி. படிப்பு முடிந்து ஓராண்டு கழியும்போது சேர்ந்திருக்கும் வட்டி 1.4 லட்சம். மானியம் இல்லாதவர் 5.4 லட்சத்தில் தவணையைத் தொடங்குவார். ஏழாண்டுக்கு மாதம் ஏறக்குறைய 8,950 ரூபாய். மானியம் உள்ளவருக்கு 6,650 அளவில் வரும். முதல் வேலையில் 15,000 சம்பளம் வாங்குகிற இளைஞர் இவற்றில் முதலாவதைக் கட்டினால் கையில் பாதிகூட மிஞ்சாது.

வங்கிகளின் தரப்பும் கேட்கத்தக்கது. பிணையில்லாத சிறு கடன்களில்தான் வாராக்கடன் அதிகம். கல்விக் கடனில் வாராக்கடன் விகிதம் 2022 நடுவில் 8 சதவீதத்தை நெருங்கியிருந்தது. கிளை மேலாளர் தயங்குவதற்கு இது ஒரு காரணம். அந்தத் தயக்கம் பல சமயம் விதியைத் தாண்டிப் போய்விடுகிறது: அப்பாவின் பழைய நிலுவையைக் காட்டியோ சிபில் மதிப்பெண்ணைக் காட்டியோ மனுவைத் திருப்பி அனுப்புவது வழக்கமாகியிருக்கிறது. சிபில் மதிப்பெண் குறைவு என்பதற்காக மட்டும் கல்விக் கடனை மறுக்க முடியாது என்று கேரள உயர் நீதிமன்றம் 2023இல் சொல்ல நேர்ந்தது.

2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி இந்தத் தயக்கத்துக்கு மருந்தாக வந்தது. பிணையும் வேண்டாம், ஜாமீன்தாரும் வேண்டாம், 7.5 லட்சம் வரையான கடனுக்கு அரசின் 75 சதவீத உத்தரவாதம். வருமானம் 8 லட்சத்துக்குள் இருந்தால் 10 லட்சம் வரையான கடனுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை. ஆனால் தொடக்கத்தில் இதற்குத் தகுதி பெற்றவை தரவரிசை அடிப்படையில் தேர்ந்த 860 நிறுவனங்கள் மட்டுமே. மோசமான கல்லூரிக்குக் கடன் வாங்கி ஏமாறக் கூடாது என்ற அக்கறை இதில் தெரிகிறது. அதேசமயம், வெளியூர் போக வழியில்லாமல் பக்கத்து ஊர்க் கல்லூரியில் சேரும் பிள்ளைதான் இதற்கு வெளியே நிற்கிறது.

சம்பளம் வந்தபின் கட்டுவது

கடனின் பாரத்தைக் குறைக்க இன்னொரு வழி பேசப்படுகிறது. மில்டன் ஃபிரீட்மன் 1955இல் எழுதிய கட்டுரையில் இதன் விதை இருக்கிறது. ஆஸ்திரேலியா 1989இல் நாடு தழுவிய திட்டமாக்கியது. படிக்கும்போது கட்ட வேண்டாம். வேலைக்குப் போய், வருமானம் ஒரு வரம்பைத் தாண்டினால் வரியோடு சேர்த்துப் பிடித்துக்கொள்வார்கள், தாண்டாவிட்டால் பிடிப்பதில்லை. இங்கிலாந்திலும் இதே முறை. அங்கே 2012இல் கட்டணம் 9,000 பவுண்டு வரை உயர்ந்தது. 2023 முதல் சேர்ந்தவர்களுக்குக் கடன் 40 ஆண்டுகள் வரை தொடரும்.

கொள்கையளவில் இது நேர்த்தியானது. ஆனால் ஆஸ்திரேலியாவிலேயே சுமை கூடிவிட்டது என்ற குறை வலுத்து, 2025இல் நிலுவைக் கடன்களில் 20 சதவீதத்தைத் தள்ளுபடி செய்யச் சட்டம் இயற்றினார்கள். இந்தியாவுக்கு வேறொரு தடை இருக்கிறது. அமைப்புசாரா வேலையில் இருப்பவரின் சம்பளம் வரித்துறையின் கண்ணில் படுவதே இல்லை. வருமானம் தெரியாத இடத்தில் வருமானத்துக்கேற்பப் பிடிப்பது எப்படி என்பதற்கு இதுவரை நம்பத்தகுந்த விடை வரவில்லை.

விண்ணப்பம் என்னும் தடை

இதுவரை பார்த்த வாதங்கள் எல்லாம் ஓர் ஊகத்தில் நிற்கின்றன: உதவி என்று ஒன்று இருந்தால் தகுதியுள்ளவர் அதைப் பெற்றுவிடுவார். ஆதாரங்கள் இந்த ஊகத்தைச் சந்தேகிக்க வைக்கின்றன.

அமெரிக்காவில் மத்திய அரசின் உதவிக்கு விண்ணப்பிக்கும் ஃபாஃப்சா படிவம் நீளத்துக்கும் குழப்பத்துக்கும் பெயர்போனது. பெட்டிங்கரும் சக ஆய்வாளர்களும் 2012இல் வெளியிட்ட ஆய்வில், வருமான வரி நிரப்பித் தரும் நிறுவனத்தின் அலுவலகங்களில் சில குடும்பங்களுக்கு அந்தப் படிவத்தையும் சேர்த்து நிரப்பிக் கொடுத்தார்கள். வேறு சிலருக்கு எவ்வளவு உதவி கிடைக்கும் என்ற தகவலை மட்டும் தந்தார்கள். நிரப்பிக் கொடுத்த வீடுகளில் பள்ளி முடிக்கும் பிள்ளைகளின் கல்லூரிச் சேர்க்கை 8 சதவீதப் புள்ளி உயர்ந்தது. தகவல் மட்டும் பெற்றவர்களிடம் மாற்றம் தெரியவில்லை. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் சூசன் டைனார்ஸ்கி குழு செய்த சோதனை இன்னும் கூர்மையானது. ஏற்கனவே பெரும்பாலும் இலவசமாகப் படிக்கத் தகுதியிருந்த ஏழை மாணவர்களுக்கு, ‘இடம் கிடைத்தால் நான்காண்டும் கட்டணம் கிடையாது’ என்று முன்கூட்டியே உறுதிக் கடிதம் அனுப்பினார்கள். விண்ணப்பித்தோர் 26 சதவீதத்திலிருந்து 68 சதவீதமானார்கள். சேர்ந்தோர் 12இலிருந்து 27 ஆனார்கள். கூடுதலாகக் கிடைத்தது பணத்தைவிட உறுதிமொழிதான்.

நம் ஊரில் படிவம் ஒரே இடத்தில் இல்லை, பல அலுவலகங்களில் சிதறிக் கிடக்கிறது. வருமானச் சான்றிதழுக்கு இ-சேவை மையத்தில் 60 ரூபாய் கட்டி விண்ணப்பித்தால் அது கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார் அலுவலகம் என்று நகரும். அதன் ஆயுள் ஓராண்டு. சாதிச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ், கல்லூரியின் போனஃபைட், யூமிஸ் என்ற கல்லூரி மாணவர் தகவல் தளத்தின் எண், ஆதார் இணைத்த வங்கிக் கணக்கு எல்லாம் தனித்தனி. இவற்றில் பெயர் ஒன்றுபோல் இருக்க வேண்டும். தமிழர்களின் இனிஷியல் இங்கே பெரும் தலைவலியாகிறது: மதிப்பெண் பட்டியலில் இனிஷியல் பின்னால், ஆதாரில் முன்னால், வங்கிக் கணக்கில் அதுவே அப்பா பெயராக விரிந்து நிற்கும். கணினிக்கு அவர்கள் மூன்று பேர். ஆதார் வழியாக வரும் பணமோ கடைசியாக எந்தக் கணக்கில் ஆதாரை இணைத்தார்களோ அங்கே போகும். பள்ளிக் காலத்தில் திறந்து, நடமாட்டமின்றி முடங்கிப்போன கணக்காக அது இருந்தால் பணம் திரும்பிவிடும்.

ஆகவே விண்ணப்பிக்கும் குடும்பம் முதலில் கவனிக்க வேண்டியவை இவை: பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வருவதற்கு முன்பே சான்றிதழ்களை வாங்கிவிடுவது, எல்லா ஆவணத்திலும் பெயரை ஒன்றாக்குவது, ஆதார் எந்தக் கணக்கோடு இணைந்திருக்கிறது என்பதை வங்கியில் கேட்டு உறுதி செய்வது, கவுன்சலிங்கில் கிடைத்த இடத்தை விட்டு மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்வதற்கு முன் யோசிப்பது. 2018இல் வந்த மத்திய விதிகள் போஸ்ட் மெட்ரிக் உதவியிலிருந்து மேனேஜ்மென்ட் இடங்களை விலக்கிவிட்டன.

பணம் வரும் வழி

உதவி மூன்று வழிகளில் வரலாம். கட்டண ரசீதிலேயே கழித்துவிடலாம். அரசு பிறகு கல்லூரிக்குத் தரலாம். மாணவர் கணக்கில் போடலாம். தாமதத்தின் சுமை ஒவ்வொன்றிலும் வேறொருவர் தலையில் விழுகிறது. முதல் பட்டதாரிச் சலுகை முதல் வகை. கழித்துக்கொண்டு மீதியைக் கட்டினால் போதும், அரசுக்காகக் காத்திருப்பது கல்லூரியின் பாடு.

போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகையின் கதை வேறு. 2017-18 முதல் மூன்றாண்டுகளில் மத்திய அரசின் பங்கு ஆண்டுக்குச் சுமார் 1,100 கோடியாகச் சுருங்கிக் கிடந்தது. பஞ்சாபில் நிலுவை பெருகி, கல்லூரிகள் மாணவர்களின் சான்றிதழ்களைத் தராமல் நிறுத்தி வைக்கும் அளவுக்குப் போனது. 2020 டிசம்பரில் 59,048 கோடி ரூபாயில் திட்டம் மறுபடி அமைந்தது; மத்திய அரசு 60, மாநிலங்கள் 40 என்ற பங்கீடு. இது பெரிய முன்னேற்றம். அதனோடு, மத்தியப் பங்கு நேரே மாணவர் கணக்குக்குப் போகும் என்ற மாற்றமும் வந்தது. பணம் வந்த 7 நாளுக்குள் மாணவர் கல்லூரியில் கட்ட வேண்டும்.

நேரடிப் பட்டுவாடாவை ஆதரிப்போர், இடையில் நடந்த மோசடிகளைச் சுட்டுகிறார்கள். இல்லாத மாணவர் பெயரில் கல்லூரிகள் பணம் வாங்கியது உண்மைதான். அதைத் தடுக்க வேண்டியதும் உண்மைதான். ஆனால் இந்த மாற்றத்தில் அரசுக்கும் கல்லூரிக்கும் இடையே இருந்த கடன் கணக்கு, கல்லூரிக்கும் மாணவருக்கும் இடையே என்றாகிவிட்டது. முன்பணம் இல்லாமல் சேர்க்க வேண்டும் என்று சொல்லும் ஃப்ரீஷிப் அட்டை விதிகளில் இருக்கிறது. கல்லூரி அலுவலகம் அதை மதிக்காவிட்டால், தேர்வுக் கட்டணத் தேதி நெருங்கும்போது குடும்பம் போவது அடகுக் கடைக்கும் வட்டிக்காரரிடமும்தான். பிறகு வரும் உதவித்தொகையில் ஒரு பங்கு வட்டியாகப் போய்விடும். இந்த இழப்பு எந்த நிதிநிலை அறிக்கையிலும் வருவதில்லை.

இன்னும் தீராதவை

எண்பது ஆண்டு அனுபவத்திலிருந்து ஓரளவு உறுதியாகச் சொல்லக்கூடியவை சில. இலவசம் சென்றடையும், ஆனால் அரசுக் கல்லூரி அளவுக்குத்தான். வருமான வரம்பு வைத்த உதவி, வரம்பைக் காலத்துக்கேற்ப உயர்த்தாவிட்டால் தானாகவே சுருங்கும். வேலைச் சந்தை நன்றாக இருக்கும்போது கடன் தாங்கும், இல்லாதபோது அதே கடன் குடும்பத்தைச் சாய்க்கும். முன்கூட்டிய உறுதிமொழிக்கு மிச்சிகனில் கிடைத்த பலன் இங்கும் கிடைக்குமா என்பதை 7.5 சதவீத ஒதுக்கீட்டு மாணவர்களிடம் ஆராய்ந்து பார்க்கலாம். அவர்களுக்குக் கலந்தாய்வு நாளிலேயே கட்டணம் எதுவும் இல்லை என்று தெரிந்துவிடுகிறது.

தீராத கேள்விகள் அதைவிட அதிகம். 2.5 லட்சம் வரம்பை விலைவாசியோடு பிணைப்பதா, அல்லது வரம்பைத் தாண்டுவோருக்கும் படிப்படியாகக் குறையும் உதவி தருவதா? பின்னது நியாயமாகத் தெரிகிறது. ஆனால் அதற்கு வருமானத்தைத் துல்லியமாக அறிய வேண்டும், தினக்கூலிக் குடும்பத்தில் அது நடக்குமா என்பது ஐயமே. 60:40 பங்கீடு 2025-26 வரைக்குமாக வகுத்தது. அடுத்து வரும் ஏற்பாட்டில் மாநிலங்களின் சுமை எப்படி அமையும் என்பதைப் பொறுத்தே நிலுவைகளின் கதி இருக்கும். முதல் தலைமுறை என்ற அளவுகோல் இரண்டாவது பிள்ளையைக் கைவிடுவதற்கு மாற்று உண்டா என்பது பெரிதாக விவாதிக்கப்படவே இல்லை.

எல்லாவற்றையும்விட அவசரமானது அளவீடு பற்றியது. திட்ட அறிக்கைகள் பெரும்பாலும் இரண்டைச் சொல்கின்றன: எத்தனை பயனாளிகள், எவ்வளவு கோடி. மூன்றாவதாக ஓர் எண் வேண்டும். கல்லூரி கட்டணம் கேட்ட தேதிக்கும் உதவி கணக்கில் ஏறிய தேதிக்கும் இடையே எத்தனை நாள் என்பதே அது. தேசிய உதவித்தொகைத் தளத்திலும் யூமிஸிலும் ஒவ்வொரு மாணவரின் பதிவும் இருக்கிறது. கல்லூரிகள் தங்கள் கட்டணத் தேதியையும் அங்கே பதிந்தால் மாவட்டவாரியாக அதைக் கணக்கிட்டு ஆண்டுதோறும் வெளியிட முடியும்.